ஜோகன்னஸ்பர்க் ஐ.டி. அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு: எதை எழுதி வைப்பது, யாரிடம் சொல்வது

மிட்ராண்டுக்கோ சான்ட்டனுக்கோ ஐ.டி. வேலையாக வந்து இறங்கும் தமிழ்ப் பெண்ணுக்கு இங்குள்ள நம்மவர்கள் எல்லாவற்றையும் சொல்லித் தருவார்கள். இட்லி அரிசி எங்கே கிடைக்கும், இருட்டிய பிறகு சிக்னலில் கார் கண்ணாடியை ஏன் ஏற்றி வைக்க வேண்டும், மின்வெட்டு நேரத்தை எந்தச் செயலியில் பார்ப்பது, லெனேஷியா கோயிலுக்கு எப்படிப் போவது என்று ஒரு வாரத்துக்குள் பாடம் முடிந்துவிடும். டீம் லீட் இரவு பதினொரு மணிக்கு ‘தூங்கிவிட்டாயா?’ என்று செய்தி அனுப்பினால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நீங்களே கேட்டாலும், “கண்டுகொள்ளாதேம்மா, இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடப் போகிறாய்” என்பார்கள்.

இந்த அறிவுரை எனக்குப் பிடிக்காது. தென்னாப்பிரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் அது தேதி கேட்கும், எழுத்தில் சாட்சி கேட்கும், குறித்த கெடுவுக்குள் வந்தாயா என்று கேட்கும். கண்டுகொள்ளாமல் இருந்தவரிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. நான் வழக்கறிஞர் இல்லை. இந்த ஊரில் நெடுங்காலம் டெஸ்டிங் வேலை பார்த்தவள். புகார் கொடுத்த பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தவள். அந்த அனுபவத்திலிருந்து, வரிசைப்படி சொல்கிறேன்.

விமானம் ஏறும் முன்

ஒப்பந்தத்தை எடுத்து, உங்கள் முதலாளி யார் என்று பாருங்கள். சென்னை நிறுவனமா, அதன் தென்னாப்பிரிக்கக் கிளை நிறுவனமா, இடையில் ஒரு ஆள்சேர்ப்பு நிறுவனமா? நாளைக்குப் புகார்க் கடிதத்தின் மேல் எழுத வேண்டிய பெயர் அது. சம்பளச் சீட்டில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் இன்னொரு பெயர் இருந்தால் இப்போதே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது விசா. நிறுவனத்துக்குள் இடமாற்றம் என்ற வகையில் வந்தால் அதிகபட்சம் 4 ஆண்டுகள், நீட்டிப்பு கிடையாது, அந்த நிறுவனத்தை விட்டு வேறிடம் போக முடியாது. அரிய திறன் விசா 5 ஆண்டுகள் வரை கிடைக்கும். வேலை மாறவும் வழி உண்டு, ஆனால் அதற்கு முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். எந்த வகையில் வருகிறீர்கள் என்பது தெரியாமல் வராதீர்கள். ஏனென்றால் மிரட்டல் எல்லாம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்: “நான் ஒரு மெயில் போட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போய்விடுவாய்.” விசா கொடுப்பது உள்துறை. டீம் லீடால் அதை ரத்து செய்ய முடியாது. வேலை முடிந்துவிட்டது என்று நிறுவனம் உள்துறைக்குத் தெரிவிக்கலாம், அதனால் உங்கள் தங்கும் உரிமைக்குச் சிக்கல் வரலாம், இது உண்மை. ஆனால் முறையிடும் உரிமை அதனால் போய்விடாது. வேலை அனுமதி காலாவதியான வெளிநாட்டவருக்கும் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2008இலேயே இந்நாட்டுத் தொழில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசா சரியாக இருக்கும் நீங்கள் ஏன் நடுங்க வேண்டும்?

பாஸ்போர்ட்டை யாரிடமும் ‘பத்திரமாக வைத்திருக்க’க் கொடுக்காதீர்கள். அலுவலகத்துக்கு நகல் போதும்.

இந்தியாவில் வேலை பார்த்தவர்கள் வந்ததும் ஒன்றைத் தேடுவார்கள்: உள்விசாரணைக் குழு. 2013ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும். தலைமை ஒரு பெண். வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். புகாருக்கு 3 மாதக் கெடு. இங்கே அதுபோன்ற கட்டாயக் குழு இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும். எனவே சேர்ந்த முதல் வாரத்திலேயே, எந்தப் பிரச்சினையும் இல்லாதபோது, துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை ஆவணத்தை எச்.ஆரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் விதிமுறைகளைக் கேட்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. தேவை வந்த பிறகு கேட்டால் அன்றே செய்தி பரவிவிடும்.

எது துன்புறுத்தல்

1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் துன்புறுத்தலைப் பாகுபாட்டின் ஒரு வடிவமாகவே வைத்திருக்கிறது. பால், கர்ப்பம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு, மதம், மொழி, பிறப்பு எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. 2022 மார்ச் 18 முதல் நடைமுறையில் இருக்கும் நல்நடைமுறை விதித்தொகுப்பு இன்னும் விரிவாகச் சொல்கிறது. வேண்டாத நடத்தை, அது ஒருவரின் கண்ணியத்தைக் குலைக்கிறது அல்லது வேலையிடத்தைப் பகை நிறைந்ததாக்குகிறது என்றால் போதும். ‘நான் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை’ என்பது தப்பிக்க வழியாகாது. கடுமையானதாக இருந்தால் ஒரே ஒரு சம்பவமும் போதும். வீட்டிலிருந்து பார்க்கும் வேலை, டீம்ஸ் அழைப்பு, வாட்ஸாப், அலுவலகப் பயணம், வெள்ளிக்கிழமை மாலை பிராய் (இறைச்சி சுட்டுச் சாப்பிடும்) விருந்து எல்லாம் இதற்குள் வரும். செய்தவர் கிளையன்ட் தரப்பு ஆளாக இருந்தாலும் வரும். ஆன்சைட் வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். “கிளையன்ட் ஆயிற்றே, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று மேலாளர் கைவிரித்தால், முடியும் என்பதே பதில்.

2015இல் தொழில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. வேலை நிமித்தம் போட்ஸ்வானா போயிருந்தபோது, இரவு உணவுக்குப் பிறகு, விடுதி வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் ஒரு பெண்ணிடம் தன் அறைக்கு வரச் சொல்லி அழைக்கிறார். அந்தப் பெண் அவருடைய நிறுவனத்து ஊழியர்கூட இல்லை. கூட்டு நிறுவனத்தின் இளம் ஊழியர். வேலை நேரம் இல்லை, வேலையிடம் இல்லை, தொடவும் இல்லை. ஆனாலும் அவரை வேலையை விட்டு நீக்கியது சரி என்றது நீதிமன்றம்.

இவையெல்லாம் பெரிய விஷயங்கள். ஐ.டி. அலுவலகத்தில் ஒரு பெண்ணைத் தேய்த்துத் தேய்த்து வெளியே தள்ளுவது பெரும்பாலும் சிறியவைதான். ஒரு வடிவமைப்புக் கூட்டம். மாதக் கடைசியில் இந்தக் குவெரி ஓடினால் டேபிள் முழுவதும் லாக் ஆகிவிடும் என்கிறார் ஒரு பெண். திரையில் ஒருவரும் அசையவில்லை. பத்து நிமிடம் கழித்து அதே சொற்களை ஒரு ஆண் சொல்கிறார். “அருமையான பாயிண்ட்” என்று அது அவர் பெயரில் பலகையில் ஏறுகிறது. கூட்டம் முடியும்போது லீட் அந்தப் பெண்ணைப் பார்த்து, “மினிட்ஸ் மட்டும் நீங்கள் எழுதிவிடுங்கள், உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும்” என்கிறார். அது முழுக்க முழுக்க டீம்ஸில் நடந்த கூட்டம்.

நம் துறையின் அடித்தளத்திலேயே இந்தத் தூசி படிந்திருக்கிறது. படச் செயலாக்கம் படித்தவர்கள் எல்லோரும் தொப்பி அணிந்த ‘லெனா’ என்ற பெண்ணின் படத்தைச் சோதனைப் படமாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அது 1972இல் பிளேபாய் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்த படத்திலிருந்து வெட்டி எடுத்தது. பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.ட்ரிபிள்.ஈ.யின் கணினிச் சங்கம் தன் ஆய்விதழ்களில் இனி அந்தப் படம் வேண்டாம் என்று சொல்ல 2024 ஏப்ரல் ஆயிற்று.

சிறிய விஷயங்களுக்கு எச்.ஆருக்கு ஓட வேண்டியதில்லை. கூட்டம் முடிந்த கையோடு எல்லோருக்கும் ஒரு மெயில்: ‘இன்று நான் எழுப்பிய டேபிள் லாக் சிக்கலுக்கு டிக்கெட் திறந்திருக்கிறேன்’ என்று எண்ணோடு அனுப்புங்கள். கருத்து யாருடையது என்பதை அந்த டிக்கெட் சொல்லும். மினிட்ஸ் எழுதும் வேலையைச் சுற்று முறையில் வைக்கலாம் என்று நீங்களே முன்மொழியுங்கள். அடுத்த முறை யார் என்று பெயரையும் போட்டுவிடுங்கள். குழுவில் இன்னொரு பெண் இருந்தால் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்: ஒருவர் சொன்னதை மற்றவர் பெயர் சொல்லி எடுத்துப் பேச வேண்டும். கோடு ரிவ்யூவில் ‘இதை எழுதியது உன் கணவரா?’ என்பது போன்ற குறிப்பு வந்தால், பதில் போடும் முன் திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள். குறிப்புகளைப் பிறகு திருத்த முடியும்.

இன்னொரு குத்தலும் வரும்: “கோட்டாவில் வந்தவள்.” இங்கே சமத்துவச் சட்டப்படி முன்னுரிமை பெறும் பிரிவினர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள் மட்டுமே. வெளிநாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த இந்தியப் பெண் அந்தக் கணக்கில் சேரவே மாட்டார். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு குடிமக்கள், வெளிநாட்டவர் எல்லோருக்கும் உண்டு.

குறிப்பேடு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

‘அவர் எப்போதும் தப்பாகத்தான் நடந்துகொள்வார்’ என்ற வாக்கியத்தை வைத்து, புகாரை விசாரிக்கும் ஒரு நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது. கீழே இருப்பது போன்ற ஒரு பத்தியை வைத்து நிறையச் செய்ய முடியும்:

‘மார்ச் 4, மாலை 6.40. நான்காம் மாடி லிஃப்ட் வாசல். ரிலீஸ் முடிந்து கிளம்பினேன். லீட் என் தோளில் கை வைத்து, “இன்று விருந்துக்கு வரவில்லை என்றால் அப்ரைசலில் நினைவு வைத்துக்கொள்வேன்” என்றார். நான் விலகி, “கையை எடுங்கள்” என்றேன். செக்யூரிட்டிப் பெண் பார்த்தார். 6.55க்கு டாக்சி ஏறினேன், ரசீது இருக்கிறது. இரவு தூங்கவில்லை. காலையில் என் குழுத் தோழியிடம் சொன்னேன்.’

நாள், நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, நீங்கள் செய்தது, யார் பார்த்தார்கள், யாரிடம் உடனே சொன்னீர்கள், உடம்புக்கும் மனதுக்கும் என்ன ஆயிற்று. இவ்வளவுதான். ‘ஆபாசமாகப் பேசினார்’ என்று நாகரிகமாக மூடி எழுதாதீர்கள். கூச்சமாக இருந்தாலும் அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே எழுதுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் தமிழில். தமிழில் சொன்னதற்குக் கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்தால் பிறகு வேலை மிச்சம்.

அலுவலக மடிக்கணினியில் எழுதாதீர்கள். வேலை போகும் அன்று அதுவும் போய்விடும். எழுதியதைப் படம் பிடித்து அன்றே உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள். அனுப்பிய தேதி பிறகு உங்களுக்காகப் பேசும். வாட்ஸாப் செய்திகளை எண்ணும் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள். தானாக மறையும் செய்தி என்று அவர் அமைத்திருந்தால், வந்த கணமே எடுத்துவிடுங்கள்.

உரையாடலைப் பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2002ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு இடைமறிப்புச் சட்டப்படி, நீங்களே பங்கேற்கும் உரையாடலை மற்றவரிடம் சொல்லாமல் பதிவு செய்யலாம். நீங்கள் இல்லாத அறையில் போனை ஓடவிட்டு வருவது குற்றம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிளையன்ட் தரவு, கோடு, மற்ற ஊழியர்களின் சம்பள விவரக் கோப்பு போன்ற எதையும் ஆதாரம் என்ற பெயரில் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். புகார் கொடுத்தவரை வெளியேற்ற நிறுவனம் முதலில் தேடும் காரணம் அதுதான். கொடுத்துவிடாதீர்கள்.

வேண்டாம் என்று சொல்வது

நம் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் வழிகிறான் என்று தெரிந்ததும் ‘அண்ணா’ என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். வாயால் வேலி போடுகிறார்களாம். வேலி தாண்டுகிறவன் அண்ணா என்றாலும் தாண்டுவான். பிறகு விசாரணையில், “பாசமாக அண்ணா என்றுதானே பேசிக்கொண்டிருந்தாள்” என்று அதையே எடுத்து வைப்பான்.

எழுத்தில், சுருக்கமாக, சிரிப்புப் பொம்மை இல்லாமல், ‘சாரி’ இல்லாமல் அனுப்புங்கள்: ‘நேற்று இரவு நீங்கள் அனுப்பிய செய்திகள் வேலை சம்பந்தப்பட்டவை அல்ல. அவற்றை நான் விரும்பவில்லை. இனி வேலை விஷயத்தை வேலை நேரத்தில் டீம்ஸில் மட்டும் அனுப்பவும்.’ காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் வாதம் தொடங்கும்.

அந்த நேரத்தில் வாயடைத்துப் போய், பேசாமல் நகர்ந்துவிட்டீர்களா? அதனால் கை நழுவிவிடவில்லை. விலகிப் போவதும், பதில் சொல்லாமல் இருப்பதும்கூட விருப்பமின்மையைக் காட்டும் வழிகள் என்று 2022 விதித்தொகுப்பு ஏற்கிறது. முன்பு சிரித்துப் பேசியிருந்தாலும், விருந்துக்குப் போயிருந்தாலும், இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பலாத்காரம், தாக்குதல் என்று போய்விட்டால் அலுவலக நடைமுறைக்குக் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் துதுசேலா பராமரிப்பு மையத்துக்கு நேரே போங்கள். மருத்துவப் பரிசோதனை, காவல்துறை வாக்குமூலம், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பாலின வன்முறைக்கான இலவச உதவி எண் 0800 428 428.

நிறுவனத்திடம் புகார்

எச்.ஆர். உங்கள் எதிரியும் இல்லை, தோழியும் இல்லை. நிறுவனத்துக்கு வரும் ஆபத்தைக் குறைப்பது அவர்கள் வேலை. உங்கள் புகாரைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து என்பதை அவர்களுக்குப் புரியவைத்தால் போதும். அதற்கு ஒரு எண் இருக்கிறது: வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. ஊழியர் ஒருவர் செய்த துன்புறுத்தலை முதலாளியின் கவனத்துக்குக் கொண்டு வந்த பிறகும், தேவையான நடவடிக்கையை முதலாளி எடுக்கவில்லை என்றால், முதலாளியே அதைச் செய்ததாகக் கருதப்படும். எனவே காப்பி மெஷின் பக்கத்தில் நின்று வாய்மொழியாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். மெயிலில், துன்புறுத்தல் என்ற சொல்லையும் 60ஆம் பிரிவையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் எழுதுங்கள். ‘சில அசௌகரியங்கள்’ என்று மென்மையாக எழுதினால் மென்மையாகவே மறந்துவிடுவார்கள்.

உடனே சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பயத்தினாலோ வேலை போய்விடும் என்ற கவலையினாலோ சில வாரம் தாமதமானால், அந்தக் காரணத்தையும் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சூழ்நிலையைப் பார்த்தே ‘உடனே’ என்பதை எடைபோட வேண்டும் என்று விதித்தொகுப்பு சொல்கிறது. விசாரணை முடியும் வரை அவருக்குக் கீழே வேலை செய்ய முடியாது என்றும், மாற்ற வேண்டியது அவரையே, உங்களை அல்ல என்றும் கேளுங்கள்.

“இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடலாமே” என்பார்கள். வாயில் வந்த ஒரு கேலிக்கு அது சரிப்படலாம். கை நீட்டியவரோடு எதிரெதிரே உட்கார வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. முறைசாரா வழியா, முறையான விசாரணையா என்பதில் உங்கள் விருப்பத்தைக் கேட்க வேண்டும்.

“இது அவருடைய முதல் தவறு, நன்றாக வேலை செய்கிறவர்” என்றும் சொல்வார்கள். 2017 பிப்ரவரியில் சூசன் ஃபௌலர் என்ற பொறியாளர், ஊபர் நிறுவனத்தில் தனக்கு நடந்ததை எழுதினார். மேலாளர் பற்றிப் புகார் கொடுத்தபோது எச்.ஆர். அவரிடம் சொன்னது இதே வாக்கியம். பிறகு மற்றப் பெண்களிடம் பேசியபோதுதான், அதே ஆளைப் பற்றி அவர்களும் புகார் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் ‘முதல் தவறு’ என்றே சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஆண்டு ஜூனில் நிறுவனத்தின் தலைவரே பதவி விலக நேர்ந்தது. ஆகவே உங்களுக்கு முன் அந்தக் குழுவில் இருந்து போன பெண்கள் யார், ஏன் போனார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

நம்மவர் வட்டத்திலிருந்து வரும் நெருக்குதல் வேறு மாதிரி. இங்கே ஆன்சைட் குழு என்றால் லீடும் தமிழர், மேலாளரும் தமிழர், இருப்பதும் ஒரே அடுக்குமாடி வளாகத்தில். பொங்கல் விழாவில் அவருடைய மனைவி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்மா, அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்” என்பார். பாவம், அந்த அக்காவைக் கோபித்துப் பயனில்லை. “இதை நிறுவனத்தில்தான் பேசுவேன் அக்கா” என்று சொல்லிவிட்டு வந்து, அதையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். ‘தமிழர் மானம்’ என்று யாராவது தொடங்கினால், அந்த மானத்தை அலுவலகத்தில் ஏலம் போட்டது யார் என்று கேட்கலாம்.

ஆகஸ்ட் 9 இந்நாட்டு மகளிர் தினம். 1956இல் இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியா அரசுத் தலைமையகத்துக்கு ஊர்வலம் போன நாள். பல அலுவலகங்களில் அதையொட்டி இளஞ்சிவப்புக் கப்கேக் வரும். சாப்பிடுங்கள், நன்றாகத்தான் இருக்கும். பிறகு, துன்புறுத்தல் புகார்கள் எத்தனை வந்தன, என்ன முடிவானது என்று கேளுங்கள்.

வெளியே போவது

நிறுவனம் அசையவில்லை என்றால் அடுத்த வாசல் சி.சி.எம்.ஏ. என்று இங்கே எல்லோரும் சொல்லும் சமரச, நடுவர் ஆணையம். 1996 முதல் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். அழைப்பு எண் 0861 16 16 16. எல்.ஆர்.ஏ. 7.11 என்ற படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கான சான்றோடு ஆணையத்தில் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்கும் இடம் படிவத்தில் உண்டு.

கெடு இங்கேதான் கழுத்தை அறுக்கும். துன்புறுத்தல், பாகுபாடு என்றால் சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள். வேலை நீக்கம் என்றால் 30 நாளுக்குள். நிறுவனத்தின் உள்விசாரணை இழுத்துக்கொண்டே போகும். “முடிவு வரட்டுமே” என்று இனிமையாகச் சொல்வார்கள். கடிகாரம் அதற்காக நிற்காது. சென்னைத் தலைமையகத்துக் குழு விசாரிக்கிறது என்றாலும் நிற்காது. சம்பவம் நடந்த நாளிலிருந்து எண்ணி, நாள்காட்டியில் ஐந்தாம் மாதத்தில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழி உண்டு. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

முதலில் சமரசப் பேச்சு. தீராவிட்டால், பாலியல் துன்புறுத்தல் வழக்கில் உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் ஆணையத்திலேயே நடுவர் விசாரணை கேட்கலாம். வேண்டுமானால் தொழில் நீதிமன்றம் போகலாம். ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. மற்றப் பாகுபாட்டு வழக்குகளில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்கள், எதிர்த் தரப்பு சம்மதிக்காவிட்டால், நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கும்.

வேலையை விட்ட பிறகும் ஒருவன் தொடர்ந்து செய்தி அனுப்பினால், பின்தொடர்ந்தால், 2011ஆம் ஆண்டின் துன்புறுத்தல் பாதுகாப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நீங்களே போய்ப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பொய்க் கணக்கிலிருந்து அனுப்புகிறான் என்றால், அந்தக் கணக்கு யாருடையது என்று சேவை நிறுவனத்திடம் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் பரப்புவது 2021 டிசம்பர் முதல் இணையக் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது.

பாலினச் சமத்துவ ஆணையம் அரசியல் சாசனம் அமைத்த அமைப்பு. அங்கும் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். ஜோகன்னஸ்பர்க்கில் அதன் அலுவலகம் பிராம்ஃபான்டைன் கான்ஸ்டிடியூஷன் ஹில்லில், பழைய பெண்கள் சிறை வளாகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் நேரம் இருந்தால் பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வரலாம். 1913 போராட்டத்தில் சிறை சென்று, அங்கே வந்த நோயால் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள்.

சம்பளம்

சுருக்கமாக. ஒரே முதலாளியிடம் ஒரே மதிப்புள்ள வேலைக்கு, பாலினத்தைக் காரணமாக்கி வேறு சம்பளம் கொடுப்பது வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவுப்படி பாகுபாடு. 2014 முதல் இது சட்டத்தில் வெளிப்படையாக இருக்கிறது. ‘அவர் குடும்பஸ்தர், உங்களுக்கு என்ன செலவு?’ என்று படியைக் குறைத்தால், திருமண நிலையும் பட்டியலில் உண்டு என்பதை நினைவூட்டுங்கள். சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், வேலை நிபந்தனைகள் பற்றிச் சக ஊழியருடன் பேசும் உரிமையை அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் தருகிறது. பேசுங்கள். பேசாமல் எப்படித் தெரியும்?

கிளம்புவது என்று முடிவு செய்தால்

ஆத்திரத்தில் ராஜினாமா செய்யாதீர்கள். வேலையில் நீடிக்க முடியாதபடி முதலாளி ஆக்கிவிட்டார் என்று நிரூபித்தால், ராஜினாமாவையும் வேலை நீக்கமாகவே சட்டம் பார்க்கும். பாகுபாடு காரணம் என்றால் 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கிடைக்கலாம். ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். உள்ளே இருந்த வழிகளை முயன்று பார்த்தீர்களா என்று கேட்பார்கள். ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த ஒரு வரியே உங்களைத் தோற்கடித்துவிடும். காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். எழுதும் முன், விசாவுக்கு என்ன ஆகும் என்று குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். கையில் பணம் இல்லை என்றால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன.

பணிச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. விலகிய காரணத்தை நீங்கள் கேட்டால் மட்டுமே அதில் எழுத வேண்டும். கடைசி நாளில் ‘சமரச ஒப்பந்தம்’ என்று ஒரு தாளை நீட்டலாம். எல்லா உரிமைகோரல்களையும் விட்டுக்கொடுக்கிறேன், இதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன் என்று அதில் இருக்கும். தொகை போதுமானதாக இருந்தால் ஏற்பதில் தவறில்லை. பலர் ஏற்று நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அதை அந்த அறையிலேயே படித்து அந்த அறையிலேயே கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு பிரதி கேளுங்கள், இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.